தெளிந்த குளம்

கோடையில் காட்டுக் குளம் பாதியாக வற்றிவிட்டது. எல்லா மிருகங்களும் தாழ்ந்த கரையில் இறங்கி மிதித்ததால் தண்ணீர் ஒரே சேறாகக் கிடந்தது.

சிங்கராஜா யோசித்து ஒரு கட்டளை போட்டது. "இனி தாழ்ந்த கரையில் யாரும் இறங்கக் கூடாது. மேட்டுக் கரையில் நின்றுதான் குடிக்க வேண்டும்!"

யானைக்குத் தும்பிக்கை இருந்தது. காட்டெருமைக்குக் கழுத்து எட்டியது. முயல் அளவே இருக்கும் சருகுமானுக்கு எதுவும் எட்டவில்லை. அன்றன்று கிடைத்ததைத் தின்று, அன்றன்று குடித்து, எப்படியோ பிழைத்துவந்த பிராணி அது. இப்போது மலையடிவாரப் பாறைக் கசிவை நக்கத் தினமும் நடந்தது. திரும்பி வருவதற்குள் பொழுது போய்விடும். மேய நேரமில்லை, மடியில் பால் குறைந்தது. குட்டி துவண்டது.

கட்டளையால் பலன் உண்டா என்று பார்த்துவர மந்திரி நரியை அனுப்பியது சிங்கம்.

நரி மேட்டுக் கரையில் போய் நின்றது. "யானையாரே, தண்ணீர் எப்படி?"

"அருமை! துளி சேறு இல்லை!"

நரி திரும்பி வந்தது. "மகாராஜா! குளம் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது! தண்ணீரும் அவ்வளவாகக் குறையவில்லை! யாருக்கும் ஒரு குறையும் இல்லை!"

"சின்னப் பிராணிகள் என்ன சொல்கின்றன?"

"அவர்களைக் கரைப் பக்கமே காணோம். தாகம் இல்லை போலிருக்கிறது!"

சிங்கம் மகிழ்ந்தது.

சில நாள் கழித்துச் சருகுமான் குகை வாசலில் வந்து நின்றது. அழவில்லை. அழவும் தெம்பில்லை.

"மகாராஜா, கசிவுக்குப் போய் வருவதற்குள் என் குட்டி செத்துவிட்டது."

சிங்கம் திடுக்கிட்டது. "குளம் இருக்கும்போது கசிவுக்கு ஏன் போனாய்?"

"குளத்தில் எனக்கு எட்டாது, மகாராஜா. மந்திரியார் குடிப்பவர்களைப் பார்த்தார். வராதவர்கள் எங்கே என்று பார்க்கவில்லை."

சிங்கம் எழுந்து, நரியையும் கூட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தது. முயல் வளைகள் காலியாக இருந்தன. ஒரு புதரடியில் முள்ளம்பன்றி கிடந்தது. சிங்கத்தைக் கண்டும் அது ஒரு முள்ளைக்கூடச் சிலிர்க்கவில்லை.

"என்னைக் கண்டு உனக்குப் பயமில்லையா?"

"பயப்படவும் தெம்பு வேண்டுமே, ராஜா!"

சிங்கத்தின் தலை தாழ்ந்தது. "தாழ்ந்த கரையைத் திறந்துவிடு!" என்றது நரியிடம்.

"குளம் மறுபடி கலங்கிவிடுமே, மகாராஜா!"

"கலங்கட்டும்!"

அன்று சாயங்காலம் மிஞ்சிய சின்னப் பிராணிகள் தட்டுத்தடுமாறி வந்தன. முள்ளம்பன்றியை நரியே முதுகில் தாங்கி வந்தது. சருகுமானும் தனியாக வந்தது. தண்ணீருக்குள் கால் வைத்து நின்றது. வெகுநேரம் நின்ற பிறகுதான் வாய் வைத்தது.

ஒரு சட்டம் நல்லதா என்று அறிய, அதனால் கரைக்கே வர முடியாமல் போனவரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். அதையும் காலத்தோடு கேட்க வேண்டும்.