பள்ளிக்கூடம் வரை எத்தனை மூச்சு

எங்கள் ஊரில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் பூங்கோதைக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்த மாரப்பனுக்கு நாற்பத்தெட்டு. வயதைப் பார்த்தா வித்தை வருகிறது?

மாரப்பன் தனக்காக வரவில்லை. ஒரே மகள் இளவேனிலுக்கு எட்டு வயது, வீசிங். டாக்டர் கொடுத்த ஸ்ப்ரே எப்போதும் புத்தகப் பையில் இருக்கும். போன மார்கழியில் மட்டும் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனிதர் ரொம்பப் பயந்து போயிருந்தார். மகளை அவர் அம்மிணி என்றுதான் சொல்வார்.

"அம்மிணிக்கு எப்பங்க டீச்சர் மூச்சு சீராகும்?"

"வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் போற வரைக்கும் அவ எத்தனை மூச்சு விடறான்னு எண்ணிட்டு வாங்கண்ணா. ஒண்ணுகூட விட்டுப் போகக் கூடாது. அப்புறம் சொல்றேன்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

முதல் நாள் காரை ஓட்டிக்கொண்டே எண்ணினார். சிக்னலில் பின்னாலிருந்து ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தான். எண்ணிக்கை போயிற்று. இரண்டாம் நாள் போன் வந்து கெடுத்தது. மூன்றாம் நாள் எப்படியோ பள்ளிக்கூட வாசல் வரை எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

"பள்ளிக்கூடத்து வாசல்ல போய் எண்ணிக்கை தப்பிருச்சுங்க டீச்சர்," என்றார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "கதவத் தொறந்ததும் அவளுக்கு இருமல் புடிச்சுக்கிச்சு."

"அங்க என்ன?"

"வாசல்ல நாப்பது காரு நிக்குதுங்க. ஒருத்தனும் இன்ஜினை நிறுத்தறதில்ல. ஒரே புகை."

"உங்க காரு?"

"நம்மளுது ஏசிக்காக ஓடிட்டிருக்குமுங்க. புள்ளைக்கு வெளிக்காத்து ஆகாதில்லைங்களா?"

பூங்கோதை பாயின் ஓரத்தை நீவ ஆரம்பித்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான்.

"அந்தப் புகையில உங்களுது எதுண்ணா?"

மாரப்பன் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் கார் சாவியைத் தொடவில்லை. அரை மணி நேரம் முன்னதாகவே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் ஓரத்து மண்பாதையில் இறங்கினார். பத்து வருஷமாக அங்கே குடியிருக்கிறார், அப்படி ஒரு பாதை இருப்பதே அவருக்குத் தெரியாது. கூடப் படிக்கிற பிள்ளைகள் வரும் வழி என்று இளவேனில்தான் காட்டினாள்.

பங்குனி மாதம். புங்கம்பூ உதிர்ந்து பாதையே வெளுத்துக் கிடந்தது. நடந்தால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. இலைகளுக்கு நடுவே வெயில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தண்ணீர் போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் பக்கத்திலேயே வந்தது. தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்ததாம் மாரப்பனுக்கு. இருந்தும் வாய்க்குள் விடாமல் எண்ணிக்கொண்டே போனார்.

சாயங்காலம் வந்து நின்றார்.

"எத்தனைண்ணா?"

"இன்னைக்கும் தப்பிருச்சுங்க டீச்சர்."

"எங்க?"

"வாய்க்கால் திரும்பற எடத்துலங்க. அம்மிணி பாட ஆரம்பிச்சுட்டா. அதைக் கேட்டுட்டே வாசலுக்கு வந்துட்டேன். அவ பாடி ஒரு வருஷம் ஆச்சுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு ஒழுங்கா எண்ணிட்டு வந்தர்றேனுங்க."

"நாளைக்கும் தப்பட்டுங்கண்ணா," என்றார் பூங்கோதை.