நிழல் அளந்த மலைக்கொழுந்தர்

வெள்ளோடை என்னும் சிற்றூரில் சுவரொட்டி ஒட்டிப் பிழைத்தவர் மலைக்கொழுந்தர். விடியுமுன் மைதா மாவைக் காய்ச்சி, அந்தப் பசையைத் தகர வாளியில் ஊற்றி, மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். திரைப்படம், திருமணம், தேர்தல் என எதற்கும் ஒட்டுவார். எனினும் அவர் கைக்கு மிகுதியாக வந்தவை இறந்தோருக்கான கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளே. ஒன்றையேனும் அவர் கோணலாக ஒட்டியதில்லை. எட்டு நாள் கழியுமுன் ஒருவர் முகத்தின்மீது இன்னொருவர் முகத்தை ஒட்டியதுமில்லை.

உச்சிப்பொழுது நெருங்கும்போது வீடு திரும்பியதும் சோற்றுக்கு உட்காரமாட்டார். முற்றத்தில் முழ நீள இரும்புக் கம்பி ஒன்றை நட்டு, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்த்து, நிழல் குறுகிக் குறுகி மீண்டும் நீளத் தொடங்கும்வரை காத்திருப்பார். மிகக் குறுகிய நிழலை அளந்து, தேதியிட்டு நோட்டில் எழுதிய பின்பே உண்பார். மழை நாளில் ‘மேகம்’ என்று மட்டும் எழுதுவார். ஊகித்து ஓர் எண்ணையும் எழுதியதில்லை. இதுவே அவருடைய வழிபாடு.

இவ்வழிபாட்டை அவருக்குத் தந்தவர் வானியல் பேராசிரியர் பொன்னுரங்கம். ஊர் ஊராகச் சென்று எளிய தமிழில் விண்ணைப் பற்றிப் பேசிய பெரியவர் அவர். வெள்ளோடைக் கூட்டத்துக்குச் சுவரொட்டி ஒட்டிய மலைக்கொழுந்தர், கூலி வாங்கக் காத்திருந்த நேரத்தில் அவருடைய பேச்சைக் கேட்டார். “நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். ஒரு குச்சியை நட்டு நீங்களே சரிபாருங்கள்” என்றார் பேராசிரியர். கேட்டவர் முந்நூறு பேர். மறுநாள் குச்சி நட்டவர் ஒருவரே.

ஊர் நகைத்தது. “என்ன மலைக்கொழுந்து, சூரியனுக்குச் சட்டை தைக்கவா அளவெடுக்கிற?” என்பார் தேநீர்க்கடை பிச்சைமுத்து. “ஆமாண்ணே, துணி நீங்கதான் தரணும்” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார் இவர்.

இரண்டாண்டு கழித்துச் சூரிய கிரகணம் வந்தது. கிரகணத்தன்று வெள்ளோடையில் உலை வைப்பதில்லை. கோயில் நடை சாத்தப்படும். கருவுற்ற பெண்களை இருட்டறையில் இருத்திக் கதவடைப்பார்கள். அன்று கிரகணத்தை ஊராருக்குக் காட்டப் பேராசிரியர் பள்ளி மைதானத்துக்கு வந்திருந்தார். மலைக்கொழுந்தரின் மனைவி சிலம்பாயி அம்மையாருக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

“வாயும் வயிறுமா இருக்கறவள வெளிய இழுத்துட்டுப் போறியே, உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சாடா?” என்று வாசலை மறித்தார் மலைக்கொழுந்தரின் தமக்கை காத்தாயி.

“நான்தான் வருவேன்னு சொன்னேன், மதினி” என்று கணவரின் கையைப் பற்றிக்கொண்டு இறங்கினார் சிலம்பாயி. பேராசிரியர் கொடுத்த கறுப்புக் கண்ணாடி வழியே அண்ணாந்து பார்த்தவர், “கடிச்ச அப்பளமாட்டம் இருக்குய்யா!” என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மலைக்கொழுந்தரின் நெஞ்சில் நெடுங்காலம் கிடந்தது.

நான்கு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அதன் மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

கிரகணத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பது அவ்வூரின் தலைமுறைப் பேச்சு. “படிச்சுப் படிச்சுச் சொன்னேனே” என்று காத்தாயி தலையில் அடித்துக்கொண்டார். தேநீர்க்கடையில், “உன் குச்சி இதையும் அளக்குமாப்பா?” என்றார் ஒருவர். அன்று எவரும் சிரிக்கவில்லை. சிலம்பாயி அம்மையார் ஊராரையும் கணவரையும் ஏசவில்லை. “நான் சிரிச்சேனே. அதப் பாத்து நான் சிரிச்சேனே” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்றும் உச்சியில் மலைக்கொழுந்தர் கம்பியை நட்டார். நிழலை அளந்து, எண்ணைப் பிழையின்றி எழுதினார்.

பிறகு பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். மறுமொழி வந்தது: ‘குழந்தையின் உதடு கூடுவது இரண்டாம் மாதத்தில். உன் மனைவி கிரகணம் பார்த்தது ஐந்தாம் மாதத்தில். ஆயினும் நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே. இத்தகைய குழந்தைகளைப் பெற்ற தாய்மாரைக் கேட்டுப் பார்.’

உதட்டைத் தைப்பதற்காக நகரத்து மருத்துவமனையில் மூன்று வாரம் தங்கியிருந்தபோது, அவர் அவ்வாறே கேட்டார். இருபத்துமூன்று தாய்மார். அவர்களுள் பத்தொன்பதின்மர் சூலுற்றிருந்த காலத்தில் கிரகணமே வரவில்லை. எஞ்சிய நால்வரும் கதவடைத்த அறைக்குள் இருந்தவர்கள். கிரகணத்தைக் கண்டவர் ஒருவரும் இலர்.

பேருந்தில் ஊர் திரும்புகையில் நோட்டை விரித்து மனைவிக்கு ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினார். அம்மையார் முழுவதையும் கேட்டார். மடியில் கிடந்த குழந்தையின் தையலைத் தொடாமல் விரலை அதன்மேல் நிறுத்திக்கொண்டு, “அந்த இருபத்துமூணு பேரும் என் புள்ளயப் பெக்கலையேய்யா” என்றார். மலைக்கொழுந்தர் நோட்டை மூடினார். அதன்பின் அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. மகள் ரோகிணி மேலுதட்டில் ஒரு வெள்ளைக் கோட்டோடு வளர்ந்தாள், படித்தாள், மணம் முடித்தாள். சிலம்பாயி அம்மையார் கணவரோடு வேண்டிய சொற்களை மட்டுமே பேசினார். கிரகணம் எனில் அன்று காலையிலேயே கதவின் இடுக்குகளில் துணியைச் செருகிவிடுவார். மலைக்கொழுந்தர் ஒருமுறையும் தடுத்ததில்லை.

பேராசிரியர் மறைந்த செய்தி, பொட்டலம் கட்டி வந்த பழைய தாளில் இவருக்குக் கிடைத்தது. அதற்குள் பதினொரு நாள் ஆகியிருந்தது. அவருக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்க அச்சகத்துக்குப் போனார்.

“‘இறைவனடி சேர்ந்தார்’னு போட்டுரவா?” என்றான் அச்சகத்து இளைஞன்.

“வேணாம் தம்பி. அதுக்கு என்னா ஆதாரம்னு கேப்பாரு.”

“பின்ன என்னதான் போட?”

“‘நம்பாதீர்கள், சரிபாருங்கள்’னு போடுங்க.”

அவர் ஒட்டிய அந்தச் சுவரொட்டியைச் சிலர் சோப்புத்தூள் விளம்பரம் என்று எண்ணினார்கள். கண்ணீர் அஞ்சலி என்னும் சொல்லை ஆயிரம் சுவரில் ஒட்டியவர், அன்றுதான் அதன் பொருளை அறிந்தார்.

மறு ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தார். முற்றத்துப் புங்கமரத்தடியில் கயிற்றுக் கட்டில். உச்சியில் எழுந்து கம்பியை நடுவதற்கு மட்டும் ரோகிணியின் தோள் வேண்டியிருந்தது. தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வந்திருந்தாள். அந்நிலையில் மீண்டும் கிரகணம் வந்தது.

காலையிலேயே துணிகள் செருகப்பட்டன. “நான் வெளியவே இருக்கேம்ப்பா” என்றாள் மகள்.

“வேணாம்த்தா. உள்ள போயி அம்மா கையப் புடிச்சுக்க. அவளுக்கு இன்னைக்குத் தொணை வேணும்.”

கதவு சாத்தப்பட்டது. மலைக்கொழுந்தர் வெளியே தனியராய்க் கிடந்தார். வெயில் மங்கியது. அரைமணிக்கு ஒருதரம் கேட்கும் அவர் இருமல், நெடுநேரமாகியும் கேட்கவில்லை. உள்ளே சிலம்பாயி அம்மையார் செவியைக் கதவில் வைத்தார். பிறகு துணியை உருவினார். பிறகு கதவைத் திறந்தார்.

புங்கமரத்தின் இலை இடுக்குகள் ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு பிறை இறங்கியிருந்தது. கட்டிலில், போர்வையில், அவருடைய மார்பில், நரைத்த தலையில் நூறு நூறு பிறைகள் அசைந்துகொண்டிருந்தன. ஒற்றைப் பிறை சூடிய பெருமானைத்தான் அம்மையார் கோயிலில் கண்டிருந்தார். தம்மை மறந்து கிரகணத்து வெளிச்சத்தில் இறங்கி நடந்தார்.

“இது என்னய்யா, உன் மேலெல்லாம்?”

மலைக்கொழுந்தர் கண் திறந்தார். “சூரியந்தான் சிலம்பு. எலைச் சந்துல வருது.” மூச்சு வாங்கினார். “நம்பாத. கைய நீட்டிப் பாரு.”

அம்மையார் கையை நீட்டினார். உள்ளங்கையில் பிறைகள் விழுந்தன. நெடுநேரம் பார்த்தார். “கடிச்ச அப்பளம்” என்றார். பின்பு கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, இருபத்தாறு ஆண்டு அழுகையையும் அங்கேயே அழுதார். வாசலில் நின்ற ரோகிணியை உள்ளே போ என்று அவர் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மலைக்கொழுந்தர் உயிர் நீத்தார். ரோகிணிக்குப் பிறந்த குழந்தையின் உதடு எப்படியிருந்தது என்பதை இக்கதை சொல்லாது. ஒன்றைக்கொண்டு எதையும் நிறுவலாகாது என்பதே அவர் காத்த நெறி.

பாடையைத் தூக்க ஆள்கள் வந்தபோது உச்சி நெருங்கியிருந்தது. “செத்த பொறுங்க. நெழலு திரும்பட்டும்” என்றார் சிலம்பாயி அம்மையார். பிச்சைமுத்து உட்பட ஊரே வெயிலில் நின்றது. அம்மையார் கம்பியை நட்டார். நூலில் கல் கட்டி நேர் பார்த்தார். நிழல் நீளத் தொடங்கியதும் அளந்து எண்ணைச் சொன்னார். ரோகிணி எழுதினாள். அதன்பின்பே, “தூக்குங்க” என்றார்.

நம்பச் சொல்லாத ஆசானை நம்பி, நாளும் சரிபார்த்து நின்ற மலைக்கொழுந்தரின் மெய்யன்பு, உச்சிதோறும் நினைக்கத் தக்கது.