வீட்டுக்காரர் போயிட்டார்

கணவனிடம் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட நீதிமன்றத்துக்கு வந்தாள் செங்கமலம். வக்கீல் வைத்தியலிங்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“என்ன விஷயம்?”

“வீட்டுக்காரர் போயிட்டாருங்க. பிள்ளைங்க பட்டினி.”

மடமடவென்று எழுதி நீட்டினார். “கையெழுத்துப் போடு. படிச்சாலும் உனக்குப் புரியாது.”

அவள் படித்தாள். ‘காலஞ்சென்ற என் கணவர்’ என்று தொடங்கியது. எழுந்து, வாசலில் குறைந்த கூலிக்கு மனு தட்டச்சு செய்யும் மரியசூசையிடம் போய் அதே வார்த்தையைச் சொன்னாள்.

“எங்கேம்மா போயிட்டார்?” என்று கேட்டார் அவர். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த வக்கீல், “இவனை நம்பினா கேஸ் நிக்குமா?” என்றார்.

“அவர் திருப்பூர்ல இன்னொருத்தி வீட்ல இருக்காருங்க. செத்தவர்கிட்ட ஜீவனாம்சம் வாங்கித் தருவீங்கன்னா உங்ககிட்டயே வர்றேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வக்கீல் நடையைக் கட்டினார்.

“எப்போம்மா போனார்?” என்று மரியசூசை கேட்டதும் அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினாள்.