செயற்கைக்கோளுக்கு ஒரு பொட்டு

குலுக்கிப் பார்த்தாயிற்று, சூடேற்றிப் பார்த்தாயிற்று, உறையவைத்தும் பார்த்தாயிற்று. குட்டி செயற்கைக்கோள் அத்தனையும் தாங்கிவிட்டது. பெட்டியில் அடைக்கும் நேரத்தில் முதலாளி தணிகாசலம் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"பொட்டு வைக்காம எதுவும் கிளம்பாது. கதவைத் திற!"

செயற்கைக்கோள் இருந்தது கண்ணாடிச் சுவர் போட்ட, தூசு புகாத அறை. ஒரு பொட்டுச் சந்தனம் உதிர்ந்தாலும் கேமரா பாழ். அதைச் சொன்ன மேனேஜருக்கு அங்கேயே சீட்டு கிழிந்தது.

திருகு முடுக்கும் ஜெசிந்தா இருக்கிறாளே, கெட்டிக்காரி. "தாராளமா வைங்க சார்" என்று அவரைக் கண்ணாடிச் சுவருக்கு நேரே நிறுத்தினாள். "இந்தக் கண்ணாடி மேலேயே வைங்க."

வைத்தார். அவர் பார்வைக்குப் பொட்டு செயற்கைக்கோளின் நெற்றியில் கச்சிதமாக உட்கார்ந்தது. சற்று நகர்ந்தார், பொட்டு விலகியது.

"என்னம்மா, தள்ளிப் போகுது?"

"ராக்கெட் கிளம்புற வரைக்கும் நீங்க இங்கேயே அசையாம நின்னா போதும் சார்!"