விரல் மடங்குற நேரம்

வேலாம்பூண்டி செல்லாண்டியம்மனுக்குக் குழாய்த் தண்ணி ஆகாது. சேந்துகிணத்துல கையால எறைச்ச தண்ணியிலதான் தெனமும் காலையில குளிப்பாட்டணும். அந்தத் தண்ணி கொண்டாந்து கொடுக்கிற பாக்கியம் பாவாத்தாளம்மாவுக்கு. விடிஞ்சா ஆத்தாளுக்குத் தண்ணி, அப்புறம் தறிப் பட்டறையில நூல் சுத்துற கூலி வேலை. கட்டிக்கிட்டவர் போய்ச் சேர்ந்துட்டார், புள்ளைகுட்டி இல்லை. உறவுன்னு சொல்லிக்க அந்தக் கல்லு முகம்தான்.

அம்பது தாண்டுனதும் ரெண்டு நோவு வந்து குடியேறிச்சு. முழங்கால்ல எலும்புத் தேய்மானம். வெரல்லயும் மணிக்கட்டுலயும் முடக்குவாதம். கவர்மெண்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வெவரமாச் சொன்னாங்க: “தேய்மானம் வயசு கொடுக்கிறதும்மா. மத்தது அப்படியில்ல. ஒடம்புக்குள்ள நோயை அடிக்க வேண்டிய காவல்காரன் புத்தி பெசகி வீட்டுக்காரங்களையே அடிக்கிறான்.”

பாவாத்தாள் சிரிச்சாங்க. “எங்கூர்க் காவல்காரனும் அப்படித்தானுங்.”

ரெண்டு நோவும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. முடக்குவாதம் விடியும்போது வெரலைக் கட்டையாக்கி வச்சிருக்கும்; அசைச்சு அசைச்சுத்தான் எளகும். முழங்காலோ அசைய அசைய வலிக்கும், பொழுது சாயறப்ப வீங்கிக் கெடக்கும். ஒண்ணு நடங்குது, ஒண்ணு உக்காருங்குது. ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடுதான். கயிறு பிடிக்க வெரல் மடங்காத நாள்ல முழங்கையில கயித்தைச் சுத்தி, ஒடம்பைப் பின்னால சாய்ச்சு இழுத்தாங்க. வாரத்துல ஒரு நாள் போடுற மாத்திரைக்கு ஒமட்டும், சோறு எறங்காது. அன்னிக்கும் கொடம் கோயிலுக்குப் போச்சு. நேரம் மட்டும் தள்ளித் தள்ளிப் போச்சு.

ஊரு வாய் சும்மா இருக்குமா? காலையில வெரல் மடங்கலைங்கிறா, மத்தியானம் நூல் சுத்துறாளேன்னு பேச்சு. “வேசம் கட்ட வெளியூர்க் கூத்தாடி எதுக்கு, நம்ம பாவாத்தா போதும்!”னு அவங்க காதுபடவே சொன்னாங்க.

“வேசம்னா வூட்டுக்குப் போயி கலைச்சுருவனே கண்ணு”ன்னுட்டு அவங்க பாட்டுக்கு நடந்தாங்க.

கடைசியில தர்மகர்த்தா சென்னியப்பனே வந்தார். “பூசை நேரத்துக்கு நடக்கறதில்ல அம்மிணி. மோட்டார்த் தண்ணியே விட்டர்லாம். நீ ஓய்வா இரு.”

“ஆத்தா சொன்னா நின்னுக்கறனுங்க. மனுசர் சொன்னா நிக்க மாட்டனுங்க.”

அப்படின்னா பூ கேட்டுருவோம்னு முடிவாச்சு. அம்மனோட ரெண்டு தோள்லயும் ஈரப் பூவை ஒட்டவச்சு உத்தரவு கேக்கறது ஊர் வழக்கம். வலப்பூ விழுந்தா சம்மதம், இடப்பூ விழுந்தா வேண்டாம். வலப்பூ விழுந்துட்டா மோட்டார்த் தண்ணிதான், பாவாத்தாள் கையில கொடம் இல்லை.

வெள்ளிக்கெழம காலையில கூட்டம் கூடிருச்சு. பாவாத்தாள் இன்னும் கெணத்தடியில. “அது வர்றதுக்குள்ள உச்சிப் பொழுதாயிரும். மொதல்ல பூ கேளுங்க, குளிப்பாட்டுறது அப்புறம்”னு தர்மகர்த்தா அவசரப்படுத்துனார். நாச்சிமுத்துப் பூசாரியும் தலையாட்டிட்டு, நேத்துச் சாத்துன சந்தனத்து மேலயே பூவை வச்சார்.

“தாயே, மோட்டார்த் தண்ணி சம்மதம்னா வலப்பூக் கொடு!”

சூடம் எரிஞ்சு அணைஞ்சுது. மறுபடி ஏத்துனாங்க. ரெண்டு பூவும் அசையலை.

“குளிக்காதவகிட்ட வாக்குக் கேட்டா எவதான் வாயத் தெறப்பா?”ன்னு கூட்டத்துல ஒரு பொம்பளைக் குரல்.

பூசாரிக்கு வேர்த்துருச்சு. பழைய சந்தனப் பசையில பூ ஒட்டிக் கெடக்குது. குளிப்பாட்டாம பூ கேக்கற வழக்கமே கெடையாது. “தப்புப் பண்ணிட்டம் தாயே”ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டார்.

“மோட்டாரைப் போடச் சொல்லட்டுமா?”ன்னு தர்மகர்த்தா இழுத்தார்.

“அதுக்குத்தானுங்க உத்தரவே கேக்கறோம்! வாக்கு வர்ற வரைக்கும் கெணத்துத் தண்ணிதான்.”

ஆக, வேசம்னு சிரிச்ச ஊரே பாவாத்தாளுக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சு.

வந்தாங்க. இடுப்புல கொடம், முழங்கையில கயித்துத் தடம். ஒரு கால் வச்சு, மறு காலை அதுகிட்ட இழுத்து, படி ஏறுனாங்க. ஒருத்தர் கொடத்தை வாங்கப் போனார். “இருக்கட்டும் சாமி, ஆத்தாகிட்டயே கொடுத்துக்கறேன்.”

சந்தனம் கரைஞ்சு ஓடுச்சு. கருத்த தோள் ரெண்டும் ஈரமா மின்னுச்சு. பூசாரி புதுப் பூ வச்சு, “தாயே, மோட்டார்…”னு ஆரம்பிச்சார். கேள்வி முடியலை. இடப்பூ நழுவி ஆத்தா காலடியில விழுந்துச்சு.

குலவைச் சத்தம் கோபுரத்தை எட்டுச்சு. பாவாத்தாள் கும்பிடக் கை தூக்குனாங்க. வெரல் சேரலை. மணிக்கட்டோட மணிக்கட்டை வச்சுக் கும்பிட்டாங்க. தர்மகர்த்தா தோள்துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, “அம்மிணி, இனி நேரம் நீ வச்சதுதான்”னார்.

வலியை எடுத்துக்கன்னு அவங்க கேக்கலை, ஆத்தாளும் எடுக்கலை. மாத்திரையும் உண்டு, வீக்கமும் உண்டு. ஆனா அன்னியிலிருந்து அந்தக் கோயில்ல காலைப் பூசைக்குக் கடிகாரம் பாக்கறதில்ல. பாவாத்தாள் வெரல் மடங்கிக் கயித்தைப் பிடிக்கிறப்பத்தான் செல்லாண்டியம்மனுக்கு விடியும். தெய்வத்தையே காக்கவச்ச அந்தக் கைக்கு நம்ம கும்பிடு.