செவலையின் கழுத்தில் கட்டிய கொடி

குளத்தங்கரை அத்தி மரத்தில் வாலப்பன் என்ற குரங்கு குடியிருந்தான். அந்தக் காட்டுக் குரங்குகளுக்கெல்லாம் அவன்தான் தலைவன். மனசு நல்ல மனசு. வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால், அதைக் காடு முழுக்கச் சொல்லித் தீர்க்காமல் அவனுக்கு ஒரு பழமும் தொண்டையில் இறங்காது.

ஒரு மழை நாளில் ஊர்ப் பக்கமிருந்து ஓர் ஆள் வந்தான். கையிலிருந்த சாக்கைக் குளக்கரையில் கவிழ்த்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். சாக்கிலிருந்து விழுந்தவை ஒரு நாய்க்குட்டியும் ஒரு பூனைக்குட்டியும். இரண்டும் நனைந்து வெடவெடவென்று நடுங்கின.

வாலப்பனுக்குப் பொறுக்கவில்லை. சரசரவென்று மரத்திலிருந்து இறங்கி வந்தான்.

"ஏன்டா, எதுக்கு உங்களைக் கொண்டாந்து இங்க கொட்டிட்டுப் போறான்?"

நாய்க்குட்டி வாயே திறக்கவில்லை. பூனைக்குட்டிதான் பதில் சொன்னாள்.

"இவனுக்கு வயித்து வலி. விடாம கத்தினான். தொல்லை தாங்கலைன்னு சாக்குல போட்டுட்டாங்க. நான் பக்கத்துல படுத்திருந்தேன். என்னையும் சேர்த்து அள்ளிப் போட்டுட்டாங்க!"

"அடப்பாவிங்களா! வளர்க்கத் துப்பில்லாதவனுக்கு நாய் எதுக்கு, பூனை எதுக்கு?" என்று வாலப்பன் கொதித்தான். "நான் வளர்க்கிறேன் பாரு! எப்படி வளர்க்கணும்னு அந்த மனுஷங்க வந்து என்கிட்ட கத்துக்கட்டும்!"

நாய்க்குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மரமேறினான். செம்பட்டை நிறம் என்பதால் செவலை என்று பெயர் வைத்தான். சாம்பல் நிறப் பூனைக்குட்டி சாம்பி ஆனாள். சாம்பி யார் மடியிலும் தங்கவில்லை. மரத்தடியில் ஒரு வேர்ப் பொந்தைப் பிடித்துக்கொண்டாள்.

செவலைக்கு வந்த யோகத்தைக் கேட்க வேண்டுமா! காலையில் வாலப்பன் மடி, மாலையில் அவன் மனைவி சடைச்சியின் மடி. குட்டிக் குரங்குகள் "எனக்கு, எனக்கு!" என்று பிடுங்கிக்கொண்டு கொஞ்சின. மான் வந்தால் மானுக்கும், கரடி வந்தால் கரடிக்கும் வாலப்பன் அவனைத் தூக்கிக் காட்டினான்.

"என் நாய்! பார்த்தியா, எப்படி வெச்சிருக்கேன்னு!"

ஊரில் வீட்டு நாய்களின் கழுத்தில் பட்டை இருப்பதை வாலப்பன் பார்த்திருக்கிறான். தன் நாய்க்கு மட்டும் இல்லாமல் போவதா? பச்சை ஓணான் கொடி ஒன்றை அறுத்தான். விறகுக் கட்டு கட்டுவார்களே, அந்தக் கொடிதான். அதில் சிவப்பு மஞ்சாடி விதைகளைக் கோத்து, செவலையின் கழுத்தில் கட்டி முடிச்சுப் போட்டான்.

"ஏங்க, கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்களேன். வளர்ற பிள்ளை" என்றாள் சடைச்சி.

"தளர்த்தினா தலை வழியா கழண்டுடும். இப்போதைக்கு இது இருக்கட்டும். வளர்ந்தா மாத்திக் கட்டிக்கலாம்!" என்றான் வாலப்பன்.

அந்தச் சிவப்பு மாலையோடு செவலை துள்ளித் துள்ளிக் குதித்தான். பார்க்கக் கண் கொள்ளவில்லை.

குட்டி எத்தனை நாள் குட்டியாகவே இருக்கும்? செவலை வளர்ந்தான். கால் நீண்டது, உடம்பு கனத்தது. ஒருநாள் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது கிளையே மளுக்கென்று முறிந்தது.

"இனிமே நீ கீழேயே இருடா. நீதான் எங்களுக்குக் காவக்காரன். சிறுத்தை வந்தா குரைக்கணும், தெரிஞ்சுதா?"

"சரிங்கய்யா!" என்றான் செவலை.

அன்றோடு மடி போயிற்று. வாலப்பன் கிளையில் உட்கார்ந்தபடியே அத்திப்பழங்களைக் கீழே போடுவான். அதிலும் நல்ல பழமாகப் பொறுக்கித்தான் போடுவான். நாய்க்கு அத்திப்பழம் போதுமா என்று அவன் யோசிக்கவில்லை. தனக்குப் பிடித்தது அதற்கும் பிடிக்கும் என்று இருந்துவிட்டான். செவலை மறு பேச்சில்லாமல் தின்றான். சாம்பி அவ்வப்போது ஓர் எலியைக் கவ்விவந்து அவன் முன்னால் போட்டதால் உடம்பு ஓடியது.

பொழுது சாய்ந்தால் குரங்குகள் என்ன செய்யும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே! ஒன்றின் மடியில் ஒன்று தலை வைத்துப் படுக்கும். மயிரை விலக்கி விலக்கிப் பேன் பார்க்கும். ஒரு சின்ன முள் ஏறியிருந்தாலும் அந்த விரல்களுக்குத் தப்பாது. குரங்குகளுக்குப் பாசம் என்றால் அதுதான். மேலே கிளைகளில் அப்படி நடந்துகொண்டிருக்கும்போது கீழே செவலை தனியாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். யாரும் இறங்கி வரமாட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்வான்.

கோடை வந்தது. செவலையின் குரல் கம்மிப்போனது. சாம்பி போட்ட எலியை மென்று மென்று கீழே விட்டான். அவள் மரமேறி வாலப்பனிடம் போனாள்.

"வாலப்பண்ணே, செவலைக்கு எதுவும் உள்ளே இறங்க மாட்டேங்குது. அவன் கழுத்தைக் கொஞ்சம் பாருங்க."

வாலப்பன் கிளையிலிருந்து எட்டிப் பார்த்தான். "கழுத்து இருக்கே! தலை இருக்கே! வாலும் ஆடுது! அப்புறம் என்ன?"

"இங்கேயிருந்து பார்த்தா எப்படிண்ணே? கிட்டப் போய்ப் பாருங்க."

"தினமும்தான் பார்க்கிறேன்! பொறுக்கிப் பொறுக்கிப் பழம் போடறேன்! இதுக்கு மேல என்ன செய்யணுங்கறே? டேய் செவலை! உனக்கு எங்கேயாச்சும் வலிக்குதாடா?"

செவலை அவசரமாக வாலை ஆட்டினான்.

"பார்த்தியா! அவனே ஒண்ணுமில்லைங்கறான். நீதான் இல்லாததைக் கிளப்பறே!" என்று வாலப்பன் அவளை விரட்டிவிட்டான்.

சில நாள் கழித்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் குரங்குக் கூட்டம் குளத்தில் நீர் குடிக்க இறங்கியது. காவலுக்குச் செவலை இருக்கிறான் என்ற தைரியம். கோரைப் புதருக்குள் சிறுத்தை பதுங்கியிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. சத்தமில்லாமல் பாய்ந்தது. குரங்குகள் வீரிட்டுக்கொண்டு மரத்துக்கு ஓடின. எல்லோரும் ஏறி முடித்தபோது சடைச்சியின் வாலில் பாதி இல்லை. ரத்தம் கிளையெல்லாம் சொட்டியது.

சிறுத்தை போனதும் கூட்டம் கொந்தளித்தது.

"குரைச்சானா உங்க நாய்? ஒரு சத்தம் கொடுத்தானா?"

"தின்னுட்டுத் தூங்கறதுக்கு ஒரு காவக்காரனா! துரத்துங்க அவனை!"

வாலப்பனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பான்! வலியில் முனகும் மனைவியைப் பார்த்தான். கோபம் தலைக்கேறியது. ரொம்ப நாளைக்கப்புறம் செவலையைத் தேடி மரத்தை விட்டு இறங்கினான்.

"சாக்குல கிடந்த உன்னை மடியில போட்டு வளர்த்தேனே! அதுக்கு நீ காட்டற நன்றியா இது? ஒரு குரை குரைச்சிருந்தா போதுமே! போடா! இனி என் கண்ணுல படாதே!"

செவலை வாலை இடுக்கிக்கொண்டு ஊர்ப் பக்கம் திரும்பி நடந்தான். அவனுடைய ஒரு காது கிழிந்து தொங்கியது. சாம்பி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"இருங்கண்ணே! அந்தக் காதை யார் கிழிச்சதுன்னு நினைக்கிறீங்க? சிறுத்தைதான்! இவன் குறுக்கே விழுந்தான். இல்லேன்னா சடைச்சி அக்காவையே தூக்கிட்டுப் போயிருக்கும்."

"அதுக்கு முன்னாடி குரைச்சிருக்கலாமே!"

"சரி, போகச் சொல்லுங்க. ஆனா நீங்க கட்டின கொடியை நீங்களே அவிழ்த்து அனுப்புங்க. அது கழுத்துல இருக்கிற வரைக்கும் இவன் உங்க நாய்தான்."

"கொடியா? அது எப்பவோ அறுந்து விழுந்திருக்கும். கண்ணுலயே படலையே!"

"விழலை. கையை வெச்சுப் பாருங்க!"

எரிச்சலோடுதான் வாலப்பன் செவலையை இழுத்து உட்கார வைத்தான். கழுத்து மயிருக்குள் விரலை விட்டான். பேன் பார்த்துப் பழகிய விரல் தானாகவே மயிரை விலக்கிக்கொண்டு போனது. ஓரிடத்தில் கெட்டியாக என்னவோ நிரடியது. உண்ணி என்று நினைத்து நகத்தால் கிள்ளி இழுத்தான். செவலையின் உடம்பு முழுவதும் தூக்கிப் போட்டது. வாலப்பன் விரலில் வந்தது உண்ணி இல்லை. ரத்தமும் சீழும் ஒட்டிய ஒரு மஞ்சாடி விதை. அவன் கையால் கோத்தது.

இன்னும் விலக்கிப் பார்த்தான். கொடி அங்கேதான் இருந்தது. கழுத்து பருக்கப் பருக்க, கொடி காய்ந்து காய்ந்து கம்பியாக இறுகியிருந்தது. தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அதன் மேலேயே சதை வளர்ந்து மூடிக்கொண்டிருந்தது.

வாலப்பன் செவலையின் முகத்தைக் கையில் ஏந்தினான். "ஐயோ! என்ன காரியம் செஞ்சுட்டேன்! ஏன்டா, இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் இருந்தே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

செவலை வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. வாலப்பன் காதை அவன் வாயருகே கொண்டுபோனான்.

"முன்னே ஒரு வீட்டுல வலிக்குதுன்னு கத்தினேன்யா. சாக்குல போட்டுட்டாங்க" என்றான் செவலை. "அப்புறம், இது நீங்க ஆசையா கட்டினதாச்சே!"

வாலப்பன் அழுதான். கூட்டத்துக்கே தலைவன், அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதான். மேலே கத்திக்கொண்டிருந்தவர்கள் தாழ்ந்த கிளைகளுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

சடைச்சி அறுந்த வாலோடு இறங்கி வந்தாள். செவலையின் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டாள். வாலப்பன் பல்லால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடியைக் கடித்து அறுத்தான். ஒவ்வொரு துண்டாக உருவி எடுத்தான். குட்டிக் குரங்குகள் பச்சிலை பறித்து வந்தன. சாம்பி காவலுக்கு நின்றாள்.

செவலை பிழைத்தான். புண் ஆறியது. ஆனால் குரைப்பு மட்டும் திரும்பி வரவேயில்லை. தொண்டை அவ்வளவு கெட்டுப்போயிருந்தது. சிறுத்தை வருகிறதா என்று பார்க்க வாலப்பனே மர உச்சியில் காவலுக்கு உட்கார ஆரம்பித்தான். சாயங்காலம் ஆனால் காவலை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுத் தரைக்கு இறங்குவான். செவலை ஓடிவந்து அவன் மடியில் தலையை வைப்பான். பெரிய தலை, மடி கொள்ளாது. வாலப்பன் கழுத்து, காது, கால் இடுக்கு என்று மயிரை விலக்கி விலக்கிப் பார்ப்பான்.

ஒருநாள் அந்தப் பக்கம் வந்த கரடி கேட்டது. "என்ன வாலப்பா, குரைக்காத நாயை எதுக்கு இன்னும் வெச்சிருக்கே?"

பழைய வாலப்பனாக இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பான். இப்போது தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சும்மா இருண்ணே. காதுக்குள்ள ஒரு உண்ணி இருக்கு, எடுத்துக்கிட்டிருக்கேன்" என்றான்.

நாயோ பூனையோ, ஓர் உயிரை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்தால் சோறு போட்டதோடு கடமை தீராது. வலித்தாலும் சொல்லத் தெரியாத அதன் உடம்பைத் தினமும் தொட்டுத் தடவிப் பார்ப்பதுதான் வளர்ப்பு.