ஈய ஆணி

"மூன்று முறை ஓடினாய். மூன்று முறையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்னும் ஓடத்தான் போகிறாயா?"

கொல்லன் குவாகோ தாழ்ந்த குரலில் கேட்டான். எதிரே, கைகள் கட்டப்பட்டு, நெசவுக்காரி ஜூபா உட்கார்ந்திருந்தாள்.

அமெரிக்கா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலம். வர்ஜீனியாவில் ஒரு புகையிலைத் தோட்டம். இருவரும் அந்தத் தோட்டத் துரையின் அடிமைகள்.

ஜூபாவின் கழுத்தில் புதிதாக ஓர் இரும்பு வளையம் பூட்டச் சொல்லி உத்தரவு. உலையின் வெக்கை தாங்காமல் கங்காணி வாசலுக்குப் போயிருந்தான்.

"முதல் முறை ஆறு வரைக்கும் போனேன்," என்றாள் ஜூபா. "எந்த இடத்தில் இறங்கிக் கடக்கலாம் என்று தெரிந்தது."

"இரண்டாவது முறை?"

"எந்த ஓடக்காரன் காட்டிக்கொடுப்பான் என்று தெரிந்தது."

"மூன்றாவது?"

"சதுப்புக்காடு வரைக்கும் போய்விட்டேன். உள்ளே தப்பிப்போன நம் ஆட்கள் இருக்கிறார்கள். குடிசை போட்டு, சோளம் விதைத்து. கண்ணால் பார்த்தேன்."

"பிறகு?"

"அப்போது பூட்டியிருந்த கழுத்து வளையத்தில் மணி இருந்ததே. அந்தச் சத்தத்தை வைத்துப் பிடித்துவிட்டார்கள். கல்லை எடுத்து அடித்து அடித்துப் பார்த்தேன், உடையவில்லை. நல்ல வேலைப்பாடு, கொல்லரே."

அந்த வளையத்தைச் செய்தவன் குவாகோதான்.

துருத்தி நின்றது.

"எனக்கு இங்கே அடி உதை கிடையாது," என்றான். "ஞாயிறுதோறும் இறைச்சி கொடுக்கிறார்கள். 'இப்படி ஒரு கை வர்ஜீனியாவிலேயே என்னிடம்தான் இருக்கிறது' என்று துரை விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்கிறார்."

"அதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்."

"எதை?"

"துரை சொன்னதை."

"இப்படி ஒரு கை... என்னிடம்..."

தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மறுபடி எப்போது?" என்று கேட்டான்.

"ஞாயிறு. எல்லோரும் தேவாலயம் போன பிறகு."

"அந்தக் காட்டில் கொல்லன் இருக்கிறானா?"

"ஒருத்தி சோளத்துக்குக் களை கொத்திக்கொண்டிருந்தாள். மண்வெட்டி உடைந்து, காட்டுக்கொடியால் கட்டியிருந்தது."

குவாகோ எழுந்தான். வளையத்தை மூட எடுத்து வைத்திருந்த இரும்பு ஆணியை ஓரமாகப் போட்டான். ஒரு துண்டு ஈயத்தை எடுத்து ஆணியாகத் தட்டினான். சாதாரணக் கத்தியே அறுத்துவிடும் ஈயம். அவள் கழுத்தில் மாட்டிய வளையத்தில் அதைச் செருகி, இரண்டு முனையையும் நசுக்கி, இரும்பு போலத் தெரிய மேலே கரியைத் தேய்த்தான்.

ஜூபா மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தாள்.

கங்காணி உள்ளே வந்தான். வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"நான் இந்தப் பட்டறையில் இருக்கிற வரைக்கும் கழலாது, ஐயா."

அவன் சொன்னது உண்மைதான். ஞாயிறன்று பட்டறை காலியாகிற வரைக்கும் கழலவில்லை.